என் பெயரில் ஓடிய வண்டி

கனடாவின் வின்னிபெக்கில் நாங்கள் குடியேறிய முதல் குளிர்காலத்தில், மெத்தை வாங்கப் போன ஒரு கடையில், நான் நான்தானா என்று ஒரு கணினி என்னைக் கேட்டது. கடையின் சொந்தக் கடன் அட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டால் எதையும் தவணையில் எடுத்துப் போகலாம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். விற்பனையாளர் வெள்ளைக்கார இளைஞர், மிகவும் மரியாதையானவர். என் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஏதோ தட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். கீழே உள்ள தெருக்களில் எதில் நீங்கள் குடியிருந்திருக்கிறீர்கள்? நான்கு தெருக்கள், நான்கும் நான் கேள்விப்பட்டே இராதவை. கீழே உள்ள கார்களில் எதை நீங்கள் வைத்திருந்தீர்கள்? நாங்கள் அப்போது பேருந்தில்தான் போய்வந்துகொண்டிருந்தோம். எந்த வங்கியில் வீட்டுக்கடன்? எல்லாவற்றுக்கும் 'இவற்றில் எதுவுமில்லை' என்பதையே தொட்டேன். உண்மையைச் சொன்னால் தேறிவிடலாம் என்று நினைத்தேன். திரை கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுச் சிவப்பாக மாறியது. "ஐ ஆம் சாரி மிஸ் ஆறுமுகம், தி சிஸ்டம் கான்ட் ஃபைண்ட் யூ" என்றார் அவர். "ஐ ஆம் ஹியர் ஒன்லி" என்றேன். "ஆஃப் கோர்ஸ் யூ ஆர்" என்று அன்பாகச் சிரித்தார். நான் சொன்னது அவருக்கு நகைச்சுவையாகப் பட்டிருக்கிறது. மெத்தை கிடைக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நானும் கணவரும் மகளும் கம்பளி மேல் கம்பளியாக விரித்துத் தரையில் படுத்தோம்.

ஆறுமுகம் என் அப்பாவின் பெயர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து, சேலம் மாவட்டத்தை விட்டு அதிகம் வெளியே போகாமலே இறந்துபோனவர். இந்த நாட்டில் எல்லாரும் குடும்பப் பெயர் கேட்பதால் அவர் பெயரைக் கொடுத்தேன். இப்போது வங்கியும் மருத்துவமனையும் மகளின் பள்ளிக்கூடமும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகின்றன. என் சொந்தப் பெயர் வசந்தாமணி. அதை முழுதாக உச்சரிக்க இங்கே யாருக்கும் வராது. அந்த மெத்தைக் கடைக்குப் பிறகு நான் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், எங்கள் ஊரில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே கடைக்காரர் முகத்தைப் பார்த்தாலே போதும், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்று. புலம்பெயர்ந்த நம் எல்லாருக்கும் இந்தப் பெருமை உண்டு. இனிமேல் யாராவது என்னிடம் அப்படிச் சொன்னால், இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுப்பேன்.

போன கோடை விடுமுறையில் நான் மட்டும் சேலத்துக்குப் போனேன். இங்கே நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். பள்ளி மூடியிருக்கும் இரண்டு மாதம் எனக்கு வேலை இல்லை. அம்மா கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். வலது மணிக்கட்டு வீங்கிப்போய்த் துணி பிழிய முடியாமல் இருந்தார். வாஷிங் மெஷின் வாங்கித் தருகிறேன் என்றால், எதற்கு, வேண்டாம், இருக்கட்டும் என்று மூன்று நாள் மறுத்தார். அந்த மறுப்பில் ஏதோ ஒரு பயம் இருந்தது. எனக்கு அது புரியவில்லை. ஏற்கெனவே இரண்டு ஆண்டுகளாக அவர் தொலைபேசியில் பேசும் விதமே மாறியிருந்தது. "நல்லா இருக்கறேன் சாமி, வெச்சுடட்டா?" என்று ஒரே நிமிடத்தில் முடித்துவிடுவார். வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்காவது நாள் அம்மாவிடம் சொல்லாமலே ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போனேன். மெஷினைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் கட்டப் போனபோது, ரொக்கமாகக் கட்டுவதைவிடத் தவணையில் எடுத்தால் தள்ளுபடி அதிகம், ஸ்டெபிலைசரும் இலவசம் என்றார்கள். இது எந்த ஊர்க் கணக்கு என்று தெரியவில்லை, ஆனால் கிடைப்பதை ஏன் விடவேண்டும் என்று கடன் மேசையில் போய் உட்கார்ந்தேன். அங்கே சுகந்தி என்ற பெண் இருந்தாள். என் ஆதாரையும் பான் அட்டையையும் வாங்கி விவரங்களை ஏற்றினாள்.

"அக்கா, உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்குங்களா?"

"வரலையே."

"நம்பர் எழுபத்தொண்ணுல முடியறதுதானுங்களே?"

அது என் பழைய எண். வின்னிபெக்குக்குப் போகும்போது அந்தச் சிம்மை எடுத்துப் போகவில்லை. அது யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால் அப்போதும் சந்தேகம் எதுவும் வரவில்லை. நம்பர் மாறிவிட்டது என்றேன். அப்படியானால் தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள் என்று சொல்லித் தன் மேசைத் தொலைபேசியை நீட்டினாள். ஒரு பெண் குரல் அச்சுத் தமிழில் பேசியது. தற்போதைய முகவரி கேட்டது, சொன்னேன். தொழில் கேட்டது.

"பஸ் ஓட்டறேனுங்க."

"மேடம், உங்கள் தொழிலைக் கேட்கிறேன். உங்கள் கணவர் தொழிலை இல்லை."

"என்ற தொழிலத்தானுங்க சொல்றேன். நான்தான் ஓட்டறேன்."

"பதிவில் ஜவுளி வியாபாரம் என்று இருக்கிறது. சரி, எங்களிடம் கடைசியாக என்ன பொருள் வாங்கினீர்கள்?"

"ஒண்ணும் வாங்குனதில்லைங்க."

"தவறான பதில் மேடம். கடைசி வாய்ப்பு. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"வாங்காததை எப்படிங்க யோசிக்கறது?"

"மன்னிக்கவும். நீங்கள் சொன்ன விவரங்கள் வாடிக்கையாளரோடு பொருந்தவில்லை. பாதுகாப்புக் கருதி விண்ணப்பத்தை நிறுத்துகிறோம். உண்மையான வாடிக்கையாளரை நேரில் வரச் சொல்லுங்கள்."

எனக்குப் பின்னால் நின்றிருந்த குடும்பம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டது. காவலாளி கூடத் திரும்பிப் பார்த்தார். கனடாவில் என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள், அதில் அவமானம் இல்லை, அது புது ஊர். நான் பிறந்த ஊரில் என் முகத்துக்கு நேராக, உண்மையான வசந்தாமணியைக் கூட்டி வா என்கிறார்கள். எழுந்து கத்தலாம் என்று இருந்தது. சுகந்தி என் கையைப் பிடித்து உட்கார வைத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொல்லக்கூடாதுங்க அக்கா. உங்க பேர்ல ஏற்கெனவே லோன் ஓடுது. டிவி ஒண்ணு, ஏசி ஒண்ணு, ரெண்டு போனு. ரெண்டு வருசமா எதுவும் கட்டலை. அதில்லாம ஒரு லோடு வண்டி இருக்குது. அதுக்கு மட்டும் மாசாமாசம் கரெக்டா கட்டியிருக்குது. அட்ரஸ் கொமாரபாளையமுங்க."

கொமாரபாளையத்தில் எனக்கு ஒரே ஒரு வீடுதான் தெரியும். கடைக்கு வெளியே வந்து என் பழைய எண்ணுக்கு நானே போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். "வணக்கமுங்க, குணா டெக்ஸ்டைல்ஸ்."

குணா என்கிற குணசேகரன் என் பெரியம்மா மகன். கொமாரபாளையத்தில் எட்டு தறி போட்டு லுங்கியும் துண்டும் ஓட்டுகிறான். எனக்கு ஆறு வயது மூத்தவன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அண்ணா என்றும் வாங்க போங்க என்றும்தான் கூப்பிட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் அந்த மரியாதை அவனுக்குக் கிடையாது. எட்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கிளம்பும்போது, அம்மாவுக்கு வங்கி, ஓடிபி, ஏடிஎம் எதுவும் ஆகாது என்பதால், என் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் எடுத்து அம்மாவிடம் கொடுக்கும் பொறுப்பை அவன் ஏற்றுக்கொண்டான். அதற்காகத்தான் சிம். வீட்டு வரி, கேஸ் இணைப்பு இவற்றுக்காக ஆதார், பான் நகல்கள். என் பழைய ஸ்கூட்டரை விற்பதற்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள்கள். "நீ கவலைப்படாம போ வசந்தா. சித்திக்கு நான் இருக்கறேன்" என்று விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டவனும் அவன்தான். நாட்டை விட்டுப் போகிற ஒவ்வொருவரும் யாராவது ஒருவரிடம் இப்படித் தன்னையே ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறோம். வேறு வழி கிடையாது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "குணா போன் பண்ணுனான். நீ எந்தக் கடைக்குப் போயிருக்கறேன்னு கேட்டான்" என்றார். ஓடிபி அவனிடம் போயிருக்கிறது அல்லவா? பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "கடைக்காரங்க ஏதாச்சும் சொன்னாங்களா சாமி?"

அப்போதுதான் தெரிந்தது, அம்மாவுக்கு ஏதோ தெரியும் என்று. உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பைக்கில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். தெருவில் நின்று என் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆதாரில் இருந்த முகவரி இந்த வீடுதானே? வசந்தாமணி இருக்குதா, டிவி வாங்கித் தவணை கட்டாம எங்க ஓடிப்போச்சு, வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டா விட்டுடுவமா என்று பேசியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சரசக்கா முதல் எதிர் வீட்டார் வரை எல்லாரும் வெளியே வந்து பார்த்திருக்கிறார்கள். அம்மா குணாவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். அவன் வந்து, "வசந்தாவுக்கு அங்க என்ன கஷ்டமோ, வாங்கிப்போட்டு கட்ட முடியலையாட்ட இருக்குது. நீங்க கேட்டு அதைச் சங்கடப்படுத்தாதீங்க சித்தி, நான் பேசி முடிச்சுத் தாரேன்" என்று சொல்லி, அம்மா கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றி வாங்கிப் போயிருக்கிறான். என் கடனை அடைப்பதற்கு.

"உனக்கு வெசனமா இருக்குமேன்னுதான் சாமி நான் கேக்கலை" என்றார் அம்மா. "போன்ல பேசுனா வாயில வந்துருமோன்னு சீக்கிரம் வெச்சுருவேன்."

இரண்டு ஆண்டுகள் என் தாய் என்னைக் கடன்காரி என்று நினைத்துக்கொண்டு, அதையும் மறைத்து, என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். அவன் செய்த களவுகளில் டிவியும் ஏசியும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இதுதான் களவு. என் முகத்தைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார்.

"அவனை ஒண்ணும் பண்ணிப்போடாதே. அக்கா மகன். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அவன்தான் மொதல்ல வரோணும். நீ எங்க இருந்து வருவே?"

இது உண்மை என்பது அவனுக்கும் தெரியும். நான் தூரத்தில் இருக்கிறேன் என்பதைத்தான் அவன் அடகு வைத்து வியாபாரம் செய்திருக்கிறான். அதை நினைக்க நினைக்க, மன்னிப்பது என்ற பேச்சே எனக்குள் இல்லாமல் போயிற்று. அவன் தெருவில் நிற்க வேண்டும். அதே தெருவில், அதே ஆட்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். அது மட்டும் தெளிவாக இருந்தது.

மறுநாள் காலையில் சொல்லாமல் கிளம்பிப் பவானி பஸ் ஏறிக் கொமாரபாளையத்தில் இறங்கினேன். குணா வீட்டில் இல்லை. அண்ணி மல்லிகா தறிச் சத்தத்துக்கு மேல் கத்தி என்னை வரவேற்றார். "அவரு உங்க ஊட்டுக்குத்தான் கெளம்பிப் போனாருங்க, பழமெல்லாம் வாங்கிக்கிட்டு. வழியில பாக்கலையா?" அம்மாவைச் சரிக்கட்டப் போயிருக்கிறான் என்று புரிந்தது. தறிக்கூடத்துக்கு முன்னால் வேப்பமரத்தடியில் அந்த வண்டி நின்றது. வெள்ளை நிறம், மஞ்சள் நம்பர் பலகை, பின்னால் பாதிக்குத் துண்டு மூட்டைகள். முன் கண்ணாடியில் அவன் பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரையும் வளைத்து வளைத்து ஒட்டியிருந்தார்கள். மல்லிகா அண்ணி டீ கொடுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது. கொஞ்சம் தயங்கினேன், பிறகு கேட்டேன்.

"அண்ணி, இந்த வண்டி எனக்கு வேணுமுங்க."

"லோடு ஏத்தி வெச்சிருக்குதே. டிரைவர் மத்தியானந்தான் வருவான். உனக்கு ஓட்ட வருமா?"

"அங்க நான் அதைத்தானுங்க பண்றேன்."

சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக் கொடுத்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வண்டியின் பெட்டிக்குள் ஆர்.சி. புத்தகத்தின் நகல் இருந்தது. உரிமையாளர் பெயர் வசந்தாமணி, தந்தை பெயர் ஆறுமுகம். இடது கையால் கியர் போட்டு எட்டு ஆண்டு ஆகிவிட்டது. இரண்டு முறை வண்டி அணைந்தது. அண்ணி சிரிப்பை நிறுத்திவிட்டு வாசல் வரை ஓடி வந்தார். மூன்றாவது முறை வண்டி கிளம்பிவிட்டது.

சங்ககிரி தாண்டியதும் வாகனச் சோதனை நடந்துகொண்டிருந்தது. லோடு வண்டியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கை காட்டி நிறுத்தினார்கள். "யாரு வண்டிம்மா இது?" என்றார் உதவி ஆய்வாளர். "என்ற வண்டிங்க" என்றேன். ஆர்.சி.யையும் என் பழைய ஓட்டுநர் உரிமத்தையும் அருகருகே வைத்துப் படித்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வசந்தாமணி, ஆறுமுகம் மகள். சரி, போங்க." இரண்டு நாட்டிலும் சேர்த்து எத்தனையோ பேர் நான் யார் என்று கேட்டிருக்கிறார்கள். முதல் தடவையாகச் சரியான பதிலைச் சொன்னேன். சேலம் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன், தேவையே இல்லாத இடத்திலும்.

எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குணா காபி குடித்துக்கொண்டிருந்தான். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் அம்மாவின் மடியில் இருந்தது. அண்ணி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த அவன் கைபேசி சார்ஜ் தீர்ந்து சட்டைப் பையில் கிடந்தது. வண்டியைப் பார்த்ததும் டிரைவர் ஏன் இங்கே வந்தான் என்று எழுந்தான். கதவைத் திறந்து இறங்கியது நான் என்று பார்த்தபோது அவன் முகம் மாறியதை இப்போதும் நினைத்துக்கொள்வேன். நினைக்கும்போதெல்லாம் இனிக்கும்.

"உள்ள வா வசந்தா, ஊட்டுக்குள்ள உக்காந்து பேசலாம்."

"இங்கயே பேசலாமுங்க. என்ற பேரைச் சொல்லி அவங்க இங்க நின்னுதான கூப்புட்டாங்க? முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"தப்பான பதிலுங்க. இன்னொரு தடவை சொல்லுங்க. பேரு?"

சரசக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். எதிர் வீட்டுக் கதவும் திறந்தது. குணா அவர்களைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"குணசேகரன்."

"இந்த வண்டி யாரு பேர்ல வாங்குனது?"

"பொம்பளைங்க பேர்ல எடுத்தா வட்டி கம்மின்னாங்க, அதுல..."

"பேரைத்தானுங்க கேட்டேன்."

"உன்ற பேர்ல."

"என்னைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"டிவி, ஏசி, போனு. அதெல்லாம் யாரு ஊட்டுல இருக்குது?"

முணுமுணுத்தான். "சத்தமாங்க. சரசக்காளுக்குக் கேக்கலை" என்றேன். சரசக்கா, பாவம், எனக்குக் கேட்டுச்சுங்க என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"எங்க ஊட்டுல. தறி நாலு மாசம் ஓடலை வசந்தா. கட்டிருவேன்னுதான் இருந்தேன்."

கத்தக்கூடாது என்று வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன். அந்தக் கடன் மேசைத் தொலைபேசிக் குரலைப் போலவே பேச வேண்டும் என்று நினைத்தேன், பேசினேன். எனக்குள் இன்னும் நிறையக் கேள்விகள் மீதம் இருந்தன. ஆனால் அம்மா நடுவில் எழுந்துவிட்டார். எங்கே போதும் என்று என்னைத் தடுக்கப் போகிறாரோ என்று பார்த்தேன். ஆரஞ்சுப் பையை எடுத்துவந்து அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்தார்.

"என்ற சங்கிலி யாரு ஊட்டுல இருக்குது குணா?"

அவன் ஆரஞ்சுப் பையைப் பார்த்தான்.

"சொல்லு சாமி" என்றார் அம்மா. அப்போதும் அவனைச் சாமி என்றுதான் கூப்பிட்டார்.

"வித்துப்போட்டேன் சித்தி."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவன் வெறுங்கையோடு மலைப்பாதைப் பஸ் நிறுத்தம் வரை நடந்து போனதைத் தெரு முழுக்கப் பார்த்தது. நானும் கண்ணில் மறையும் வரை பார்த்தேன்.

அதற்கடுத்த வாரங்களில் நடந்தவை எல்லாம் அலுவலக வேலைகள். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினேன். வழக்காகப் பதிவாக வேண்டுமா வேண்டாமா என்பதை அவன் நடத்தை பார்த்துச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிவித்தேன். இரண்டு தறிகளை விற்றுக் கடைக் கடன்களை மொத்தமாக அடைத்தான். அம்மாவுக்குச் சங்கிலி வாங்கிக் கொடுத்தான். சிம்மைக் கொண்டுவந்து சரசக்காவிடம் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக்குள் வராமலே போனான். துண்டு மூட்டைகளைத் திருப்பி அனுப்பினேன். அவை என் பெயரில் இல்லை. வண்டியை அனுப்பவில்லை. மீதித் தவணையை நானே கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, சரசக்காவின் கணவர் மாதேசனிடம் வாடகைக்கு ஓட்டக் கொடுத்தேன். வருகிற பணத்தில் பாதி அம்மாவுக்கு. கண்ணாடியில் இருந்த பிள்ளைகளின் பெயர்களைச் சுரண்டி எடுத்தேன். பெண்ணின் பெயர் இலகுவாக வரவில்லை. நகத்தில் ஒட்டிக்கொண்ட எழுத்தைப் பார்த்தபோது, அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றட்டும் என்று விட்டுவிட்டு மீதியையும் சுரண்டினேன். அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் 'வசந்தாமணி, வின்னிபெக்' என்று எழுதச் சொன்னேன். ஸ்டிக்கர் கடைக்காரர் வின்னிபெக் என்பது குலதெய்வமா என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

கிளம்புவதற்கு முன் மறுபடியும் சுகந்தியின் மேசைக்குப் போனேன். அவள் ஆசையாக விவரங்களை ஏற்றினாள். பழைய பதிவுகள் திருத்தப்பட்டு வர இன்னும் சில மாதங்கள் ஆகும், அதுவரை இந்தப் பெயருக்குக் கடன் இல்லை என்று திரையில் வந்தது. அதே குரலிடம் சண்டை போடலாமா என்று யோசித்தேன். பிறகு முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கட்டி, மெஷினை மாதேசன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தேன். ஸ்டெபிலைசர் கொடுக்கவில்லை.

நான் இங்கே திரும்பி வந்த பிறகு பெரியம்மா ஒரு தடவை வாட்ஸாப்பில் கூப்பிட்டார். "நீ எங்கயோ போயி சொகமா உக்காந்துக்கிட்டு, எம் பையனை நடுத்தெருவுல நிறுத்திப்போட்டியே சாமி. இனி எங்க ஊட்டு நல்லது கெட்டதுக்கு நீ வராட்டிப் பரவால்லே" என்றார். சரிங்க பெரியம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்னபடியே குணாவின் மகளின் மஞ்சள் நீராட்டுச் சீருக்கு எனக்கும் அழைப்பு இல்லை, அம்மாவுக்கும் இல்லை. அம்மா அதைச் சொன்ன பிறகும் போனை வைக்கவில்லை. இப்போதெல்லாம் அரை மணி நேரம் பேசுகிறார். மாதேசனிடம் நான் ஒரு கட்டளை போட்டிருக்கிறேன். கொமாரபாளையம் லோடு கிடைத்தால், சுற்றுவழியானாலும் அந்தத் தறிக்கூடத்துத் தெரு வழியாகப் போய் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போக வேண்டும். டீசல் செலவு என் கணக்கு. இது சின்னத்தனம் என்று என் கணவர் சொல்கிறார். ஆமாம், சின்னத்தனம்தான். நாளைக்கு அம்மாவுக்கு ஒன்று என்றால் முதலில் யார் வருவார்கள் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. சரசக்கா வருவார் என்று அம்மா சொல்கிறார். அம்மாவின் குரலில் முழு நம்பிக்கை இல்லை.

இப்போது இங்கே மறுபடியும் குளிர்காலம். காலை ஆறு மணிக்குப் பேருந்துப் பணிமனையில் கும்மிருட்டு. முதல் பிள்ளையை ஏற்றுவதற்கு முன் விளக்கு, பிரேக், அவசரக் கதவு எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று காலை கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிவிட்டு இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது கைபேசி அதிர்ந்தது. உங்கள் வாகனம் வைகுந்தம் சுங்கச்சாவடியைக் கடந்தது என்று செய்தி. எழுபத்தொன்றில் முடியும் அந்தப் பழைய எண்ணுக்கு வரும் செய்தி இப்போது என் கைக்கே வருகிறது. மாதேசன் கொமாரபாளையம் போகிறார். அங்கே மாலை ஐந்தரை. மேற்கே பார்த்துப் போகும் அவருக்கு அந்த நேரத்தில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், எதிரே வரும் லாரி தெரியாது. பேருந்தைக் கிளப்பிக்கொண்டே, விடியாத அந்த இருட்டில், தலைக்கு மேல் இருந்த வெயில் மறைப்பை நான் கீழே இறக்கினேன்.